மாவு மூட்டைக்குக் கட்டிய வெள்ளைக் கொடி

நெல்லிமலைத் தோட்டம்,
மேல் பிரிவு, இரத்தோட்டை.
10.02.1974

அன்புள்ள தங்கச்சி ராசம்மாவுக்கு அண்ணன் முத்துவீரன் எழுதிக்கொள்வது. நானும் உன் மகன் மாடசாமியும் சுகம். நீயும் சின்னவளும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மாரியம்மா துணை செய்வாள்.

முதலில் என் எழுத்தை மன்னித்துக்கொள். ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். வரிகள் நம் மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கும். ஏனென்றால் இது சந்திக் கடை ஜுனைதீன் முதலாளி எழுதிய கடிதம் இல்லை. நானே எழுதுகிறேன்! நாற்பது வருசம் பெரட்டுக்குத் தப்பு அடித்து ஆட்களை வேலைக்குக் கூப்பிட்ட இந்தக் கை, அறுபத்தாறு வயதில் பேனா பிடித்திருக்கிறது. இதுவரை எழுத மூன்று நாள் ஆயிற்று.

மாடசாமிதான் வாத்தியார். வேலை முடிந்து வந்து கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் எங்களைப் போன்ற கிழடுகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறான். "மாமா, பேனாவ தப்புக் குச்சி மாதிரி புடிக்காதீங்க, அதுக்கு வலிக்கப் போகுது" என்று கேலி வேறு. போன சனிக்கிழமை பஸ்ஸின் நெற்றியில் இருந்ததை நானே படித்தேன். இரத்தோட்டை. நான் சத்தமாகப் படித்ததில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தான்.

மாடசாமியின் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வருச முடிவுக்குள் இந்தியாவுக்குக் கப்பல் ஏற வேண்டுமாம். தோட்டத்தில் வேலை நாளைக் குறைக்கிறார்கள். அந்த விசயத்தை முடித்துவிட்டு வருவதாகச் சொல்கிறான்.

அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு அண்ணன்,
முத்துவீரன்


கூடலூர், நீலகிரி.
03.03.1974

அன்புள்ள அண்ணனுக்கு ராசம்மா எழுதுவது. நாங்கள் சுகம். உன் மூச்சிரைப்பு எப்படி?

உன் கடிதத்தைப் பார்த்து முதலில் யாரோ சின்னப்பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். பிறகு படித்துவிட்டு அழுதேன், சிரித்தேன். அஞ்சாம் வகுப்புப் படித்தவள் என்று என்னை எத்தனை நாள் பொறாமையோடு பார்த்திருப்பாய்! இனி முதலாளியிடம் வாயால் சொல்லி எழுதுகிற வேலை இல்லை. அவர் இருக்கிறாரே என்று நீ விழுங்கிய பேச்சையெல்லாம் எழுது. ஒவ்வொரு கடிதத்திலும் புதிதாகப் படித்த ஒன்றையும் எழுது.

மாடசாமிக்கு என் பக்கத்துக் கொழுந்து மலையிலேயே பேர் பதிய வைத்திருக்கிறேன். வேலை நாள் விசயத்தை வேறு யாரும் முடிக்க மாட்டார்களா? அவன் அப்பா செத்தபோதும் சங்கக் கூட்டத்தில்தான் இருந்தான். சீக்கிரம் அனுப்பி வை.

அன்புத் தங்கை,
ராசம்மா


நெல்லிமலை
24.03.1974

அன்புள்ள தங்கச்சிக்கு. உன் சுகம் படித்து மகிழ்ந்தேன். என் மூச்சு இருக்கிறது, இரைப்பும் இருக்கிறது.

இங்கே வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கூப்பன் மாவையும் குறைத்துவிட்டார்கள். கீழ் லயத்து வீடுகளில் கீரையை அவித்து உப்புப் போட்டுக் குடிக்கிறார்கள். துரையிடம் போனால், கம்பெனியிடம் கேள் என்கிறார். கம்பெனி கொழும்பில் இருக்கிறது.

மாடசாமியும் கமிட்டிக்காரர்களும் இரத்தோட்டைவரை ஊர்வலம் போக அனுமதி கேட்டார்கள். அவசரகாலச் சட்டமாம். நாலு பேர் கூடக் கூடாது, சத்தம் போடக் கூடாது. போலீஸ் சார்ஜன் நல்ல மனிதர். என்னையும் உட்காரச் சொல்லித்தான் பேசினார். "நீங்க கேக்கிறது நியாயம். ஆனா சந்தியில பேக்கரிப் பாணுக்கு ஊர் சனம் வரிசையில நிக்கிது. அதுவும் பசியில நிக்கிது. ரெண்டு பசி ஒரு ரோட்டுல முட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

மாடசாமி விடவில்லை. "எங்க சத்தம் கேக்காத எடத்தில கத்துறதுக்கு எதுக்குங்க ஊர்வலம்?" என்று கேட்டான். சார்ஜன் சிரித்துவிட்டு, சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டினார். அதை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிரேத ஊர்வலம் தவிர. அந்த மூன்று சொல்லைத்தான் முழுதாகப் படிக்க முடிந்தது. சத்தமாகப் படித்தேன். மாடசாமி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்


நெல்லிமலை
21.04.1974

அன்புள்ள தங்கச்சிக்கு. எல்லாரும் சுகம். உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. இப்படி ஒரு கூத்தை நீ பார்த்திருக்க மாட்டாய்!

போன திங்கட்கிழமை எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு. மூங்கிலில் பாடை கட்டினோம். வெள்ளை வேட்டி போர்த்தினோம். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைத்தார்கள். நான் சாவுத் தப்பு அடித்தேன். தோட்டமே பின்னால் வந்தது. பாடையில் இருந்தது யார் தெரியுமா? ஒரு மாவு மூட்டை. அதுவும் பாதி மூட்டை!

பாலத்தில் சார்ஜன் நின்றார். எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார். தப்புச் சத்தம் கேட்டுக் கீழ்க் கிராமத்தார் கடைகளைச் சாத்தினார்கள். பாண் வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கித் தலை குனிந்தார்கள். அந்தக் கிராமத்து டிங்கிரி பண்டா இருக்கிறாரே, அவர் வழக்கம்போல் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டிவிட்டார். கொடி நடக் கமுகஞ் சிலாகை வெட்டக்கூட நேரம் இல்லாமல் வேலியிலேயே கட்டியிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நடந்தார். "யார் முத்து?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். நான் தப்பை இன்னும் பலமாக அடித்தேன். கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

சந்தியில் பாடையை நடு ரோட்டில் இறக்கினோம். மாடசாமி வேட்டியை உருவினான். "மூணு நாள் வேல, அரை வயித்து மாவு. இதுதாங்க செத்தது! இதத்தாங்க பொதைக்கப் போறோம்!" என்று தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை கத்தினான். நாலு பேர் துணியை விரித்துப் பிடித்தார்கள். எங்கள் வகுப்புக் கிழடுகள் எழுதிய துணி. உழைக்க வேலை கொடு. அதில் இரண்டு எழுத்து என்னுடையது.

பிறகு கிராமத்து இளந்தாரிகள் சிலர் கை தட்டினார்கள். பெரியவர்கள் தட்டவில்லை. டிங்கிரி பண்டா வந்த வழியே திரும்பி, கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, மடித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கல்யாண வீட்டில் சோறு கிடைக்காதவர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கம்பெனியில் இருந்து ஆள் வரப்போகிறதாம். அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்


கூடலூர்
12.05.1974

அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். உன் கடிதத்தைப் பக்கத்து வீடுகளுக்கும் படித்துக் காட்டினேன். எல்லாரும் நம் பக்கத்தில் இருந்து வந்தவர்கள்தானே, பாதி மூட்டை என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் எல்லாரும் போன பிறகு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. மாடசாமியின் அப்பா செத்த அன்று பாலத்தில் இருந்து மயானம்வரை கொடி கட்டியவர் அந்த மனிதர்தான். பலாக்காயும் தேங்காயும் கொண்டுவந்து, எங்கள் இழவு வீட்டுக்குச் சமைத்துப் போட்டது அவர் பெண்சாதி. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார் என்று எழுதியிருக்கிறாய். நீ போய் ஒரு வார்த்தை பேசினாயா?

போராட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசி எனக்குத் தெரியாததா? அந்தச் சனத்தையும் கூட்டி வைத்துக்கொண்டு செய்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மாடசாமி ஏன் ஒரு வரியும் எழுதவில்லை? எங்கே அவன்?

ராசம்மா


நெல்லிமலை
09.06.1974

அன்புள்ள தங்கச்சிக்கு. சுகம். எழுதத் தாமதமாகிவிட்டது.

நல்ல செய்தி முதலில். வேலை நாலு நாளாகிவிட்டது. மாவும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள். எல்லாம் மாடசாமியால் என்று லயத்தில் பேசுகிறார்கள்.

மற்றது. அந்தச் சார்ஜனை எங்கேயோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சாவு என்று ஏமாந்து வழி விட்டதற்குத் தண்டனையாம். புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். சந்தியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இந்த முறை முழுதாகப் படித்தேன். சந்தியில் வெசாக் பந்தலுக்கும் பாட்டுக்கும் அனுமதி இல்லை. அமைதி கெட்ட இடமாம் இது. கிராமத்து ஆட்கள் புத்தருக்குப் பந்தல் போட மூன்று மாதமாக மூங்கில் சேர்த்து வைத்திருந்தார்கள். வெசாக் இரவில் சந்தி இருட்டாகக் கிடந்தது. இப்போது பீலியில் தண்ணீர் எடுக்கப் போனால் அவர்கள் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடி தடி ஒன்றும் இல்லை. பேச்சுத்தான் இல்லை.

நீ சொன்னதற்காக டிங்கிரி பண்டா வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திரும்பிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் மாடசாமியைத் தேடுகிறார். அதனால் அவன் நாவுல பக்கத்தில், கூட்டாளி ஒருவனுடைய வெங்காயத் தோட்டத்தில் இருக்கிறான். அங்கே கொசுதான் அதிகமாம். கொஞ்சம் அடங்கியதும் நேராகத் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறச் சொல்லியிருக்கிறேன். சம்மதித்துவிட்டான்.

அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அண்ணன்


கூடலூர்
28.06.1974

அண்ணா, சுகம். சம்மதித்துவிட்டான் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? நாவுலயில் காய்ச்சல் காய்கிறது என்று இங்கே வந்தவர்கள் சொல்கிறார்கள். கொதித்த தண்ணீர் குடிக்கச் சொல். அவனுக்கு நீலத்தில் கம்பளிச் சட்டை பின்னுகிறேன். தோள் அளவு தெரியவில்லை. உன் தோளை விட அகலமா?

ராசம்மா


கூடலூர்
29.07.1974

அன்புள்ள அண்ணனுக்கு. நாங்கள் சுகம். நீ கெட்டிக்காரன்.

ஜுனைதீன் முதலாளி பெயரில் தந்தி வந்தது. மாடசாமி இறந்தான், இன்று அடக்கம் என்று இருந்தது. என் கண் இருட்டிவிட்டது. சின்னவள் அலறினாள். பக்கத்து வீட்டார் எல்லாம் ஓடி வந்தார்கள்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. உன் ஏப்ரல் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். மூட்டையைப் புதைத்தவர்கள்தானே நீங்கள்! இப்போது மூட்டைக்குப் பெயரும் வைத்துவிட்டீர்கள், இனி இன்ஸ்பெக்டர் யாரைத் தேடுவார்? எனக்கும் தந்தி அடித்தால்தானே தபால் கந்தோரில் நம்புவார்கள். உண்மையாக இருந்தால் நீ உன் கையாலேயே எழுதியிருப்பாய், முதலாளியை விட்டு அடிக்க மாட்டாய். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் இனி இப்படிச் செய்யாதே அண்ணா. அந்த ஒரு நிமிசம் போதும்.

எப்போது கப்பல் ஏறுகிறான்? சட்டை முடிந்துவிட்டது.

ராசம்மா


நெல்லிமலை
18.08.1974

தங்கச்சிக்கு. உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை. எனக்கு மூச்சிரைப்பு. அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

மாடசாமியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவனுக்கு இப்போது யாராலும் தொல்லை இல்லை.

சின்னவளைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


கூடலூர்
08.09.1974

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம் என்று எழுதுகிறேன்.

தொல்லை இல்லை என்று நீ எழுதியதை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சந்தோசப்பட்டார்கள். எதிர் வீட்டு சுந்தரம்மா மட்டும் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பி மூலை மூலையாகப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எதைப் பார்த்தாள் என்று நானும் பார்த்தேன்.

அண்ணா, நீ ஒவ்வொரு கடிதத்திலும் புதிதாக ஒன்றைப் படித்ததாக எழுதுவாய். இதில் இல்லை. அடுத்த வாரம் எழுதுகிறேன் என்று முடிப்பாய். அதுவும் இல்லை. பெரிதும் சிறிதுமாகத் துள்ளுகிற உன் எழுத்து இதில் ஒரே அளவாகப் படுத்துக் கிடக்கிறது.

மாடசாமியிடம் காகிதத்தைக் கொடுத்து, அம்மா என்று மட்டும் எழுதச் சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

முடியாது என்றால் நீ எழுது. உன் கையால்.

ராசம்மா


நெல்லிமலை
29.09.1974

என் தங்கச்சி ராசம்மாவுக்கு.

கடிதத்தின் மூலையில் கரி பூசியிருக்கிறேன். நீ உறையைப் பிரித்ததும் அதைத்தான் பார்த்திருப்பாய்.

மாடசாமி ஆனி மாதக் கடைசியில் நாவுலயில் காய்ச்சலில் விழுந்தான். மலேரியா. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயர் கேட்பார்கள் என்று போகவில்லை. செய்தி வந்து நான் போனபோது என்னை அடையாளம் தெரிந்தது. "மாமா, நாலு நாள் வேல குடுக்கிறாங்களா?" என்று கேட்டான். குடுக்கிறாங்க என்றேன். மாத்தளை ஆஸ்பத்திரிக்கே கொண்டு போய்விடுவோம், வருவது வரட்டும் என்று மரக்கறி லொறியில் ஏற்றினோம். வழியில் பலாபத்வலவுக்குச் சற்று முன்னால் என் மடியில் போய்விட்டான். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிவரை போனோம். டிரைவரிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழவு சொல்ல நானே கீழ்க் கிராமத்துக்குப் போனேன். டிங்கிரி பண்டா வாசலில் பாக்கு உரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. "இந்த முறை யார் முத்து? மாவா, அரிசியா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மருமகன் என்றேன். "போன முறையும் உன் கைதான் அடித்தது" என்று சொல்லிவிட்டுப் பாக்கைப் பார்த்து உரிக்கத் தொடங்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் அன்றைக்குக் கொடியை மடித்ததைப் பார்த்து நான் எப்படிச் சிரித்தேன் என்பது உனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் தப்பு அடிக்கக் கூடாது என்றார். பத்துப் பேருக்கு மேல் வரக் கூடாது என்றார். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக் காட்டினேன். அதையும் நம்பவில்லை. பாலத்தில் மறித்து, பெட்டியை ரோட்டில் இறக்கச் சொன்னார். கடப்பாறையால் ஆணியைக் கழற்றினார்கள். கடைகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. கிராமம் முழுவதும் வேலி ஓரம் நின்று, துணியை உருவினால் என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பிள்ளையின் முகத்தில் வெயில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு முறை பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூடச் சொன்னார். ஆணிகள் வளைந்து போயிருந்தன. கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். தப்பு இல்லாமல் ஒரு சாவு மயானத்துக்குப் போனதை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது.

மறுநாள் காலையில் டிங்கிரி பண்டா வீட்டு வேலியில் ஒரு வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. ஒன்றே ஒன்று. வழக்கமாக அடக்கம் முடிந்தால் அவிழ்த்துவிடுவார்கள். இன்றுவரை அவிழ்க்கவில்லை. மழையில் நைந்துவிட்டது. அவர் வந்து பேசவில்லை. நானும் போகவில்லை. தண்ணீருக்குப் போகும்போது இரண்டு பேரும் அந்தக் கொடியைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

நான் ஏன் அன்றே எழுதவில்லை என்று கேட்பாய். அவன் சொல்லிக் கொடுத்த எழுத்தில் அதை எழுத முடியவில்லை. அதனால் முதலாளியிடம் தந்தி அடிக்கச் சொன்னேன். நீ சிரித்து எழுதிய கடிதம் வந்தபோது, இன்னும் ஒரு மாதம் அவள் மகன் உயிரோடு இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

புதிதாக என்ன படித்தேன் என்று கேட்டிருந்தாய். குழிமேட்டில் ஒரு பலகை நட்டு, தாரில் அவன் பெயரை எழுதினேன். மாடசாமி. என் கை எழுதியது என்பதால் கோணல்தான். தினமும் போய் ஒரு தடவை படித்துவிட்டு வருகிறேன்.

அவன் தோள் என் தோளை விட அகலம், ராசம்மா. நீ கேட்டதற்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

இதையும் நீ நம்ப மாட்டாய் என்று பயமாக இருக்கிறது. மூலையில் இருக்கும் கரியையும் இன்னொரு கூத்து என்று நினைத்துச் சிரித்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. உனக்குப் பதில் எழுதக் கை வராவிட்டால் எழுத வேண்டாம். நான் அடுத்த வாரமும் எழுதுவேன். நீ நம்பும்வரை வாரா வாரம் எழுதுவேன்.

இப்படிக்கு உன் அண்ணன்,
முத்துவீரன்